வாடகைக்கு இருந்தாலும் வாக்கு உண்டு: ‘சாதாரணமாக வசிப்பவர்’ என்று சட்டம் யாரைச் சொல்கிறது?

“வீட்டு உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்.” வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போகும் வாடகைக் குடித்தனக்காரர் பெரும்பாலும் முதலில் கேட்கும் பதில் இதுதான். உரிமையாளர் கடிதம் தரமாட்டார். வாடகைக்கு விட்டதாக எழுதிக் கொடுத்தால் வீட்டு வரி ஏறிவிடும், நாளை காலி செய்யச் சொன்னால் இவர் அந்தக் கடிதத்தைக் காட்டுவார் என்று அவருக்கு ஆயிரம் பயம். போனவர் வெறுங்கையோடு திரும்புவார். அந்தத் தேர்தல் கடந்துபோகும். இப்படி ஒரு கடிதம் வேண்டுமென்று எந்தச் சட்டத்திலும் இல்லை, எந்தப் படிவத்திலும் இல்லை.

சட்டம் கேட்பது கொஞ்சம்தான். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் ஒரே பட்டியல். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு இரண்டு தகுதிகளைச் சொல்கிறது: தகுதி நாளில் (வயதைக் கணக்கிடும் நாளில்) 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்தத் தொகுதியில் ‘சாதாரணமாக வசிப்பவராக’ இருக்க வேண்டும். இந்தியக் குடிமகனாக இல்லாதவர், மனநிலை சரியில்லை என்று நீதிமன்றம் அறிவித்தவர், தேர்தல் முறைகேட்டுக்காகத் தகுதி இழந்தவர் ஆகியோருக்கு 16-ஆவது பிரிவு தடை போடுகிறது. அவ்வளவுதான். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்றாலும், அதற்கான பட்டியலும் இந்தச் சட்டமன்றப் பட்டியலிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆகவே இங்கே பெயர் விழுந்தால் வார்டு உறுப்பினர் தேர்தல் தொடங்கி எல்லாவற்றிலும் விழுந்ததுதான்.

சிக்கல் முழுக்க அந்த ‘சாதாரணமாக வசிப்பவர்’ என்பதில்தான் இருக்கிறது. 20-ஆவது பிரிவு அதை விளக்குகிறது. ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அங்கே வசிப்பவர் ஆகிவிட முடியாது என்பது அதன் முதல் விதி. கவனியுங்கள்: சொந்த வீட்டுக்கே சட்டம் தனி மதிப்பெண் தரவில்லை. பத்திரம் வைத்திருப்பவருக்கு இல்லாத சலுகையை உரிமையாளரின் கடிதத்துக்கு எங்கிருந்து கொண்டுவந்தார்கள்? ‘ஆறு மாதம் குடியிருந்திருக்க வேண்டும்’ என்று சில அலுவலகங்களில் சொல்வார்கள். அப்படி ஒரு நாள் கணக்கும் அந்தப் பிரிவில் இல்லை. சந்தேகம் வந்தால் எல்லா உண்மைகளையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்கிறது அதே பிரிவின் ஏழாவது உட்பிரிவு. ஒரு காகிதம் குறைகிறது என்று மனுவைத் திருப்பித் தருவது எல்லா உண்மைகளையும் பார்ப்பது ஆகாது.

இந்தியத் தேர்தல் ஆணையம் தன் அதிகாரிகளுக்குத் தந்திருக்கும் கையேடு இன்னும் எளிமையாகச் சொல்கிறது: ஒருவர் எங்கே தூங்குகிறாரோ அங்கே வசிக்கிறார். சாப்பாடு வேறு இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை. வீடே இல்லாமல் நடைபாதையில் படுப்பவருக்கும் இதே அளவுகோல்தான். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை போய், அவர் அங்கே படுக்கிறார் என்று பார்த்து உறுதிசெய்தால் போதும். இருப்பிடச் சான்று தேவையில்லை. கோயம்பேட்டுக் கடை வாசலில் படுப்பவருக்கு ஆவணம் தேவையில்லை என்கிற அதே ஏற்பாட்டில், மாதாமாதம் வாடகை கொடுப்பவரை மட்டும் அலையவிடுகிறார்கள்.

இந்தச் சொல்லின் குழப்பம் ஏழைகளோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அசாமிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வான மன்மோகன் சிங் குவாகாத்தியில் சாதாரணமாக வசிப்பவர்தானா என்பது உயர் நீதிமன்றம் வரை போனது. அவருக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள்.

எந்தக் காகிதத்தைக் கொண்டுபோவது?

புதிதாகச் சேர்க்க படிவம் 6. அதில் இருப்பிடத்துக்கு ஏற்கப்படும் ஆவணங்களின் பட்டியல் இருக்கிறது: குடிநீர், மின்சாரம் அல்லது எரிவாயு ரசீது, ஆதார், நடப்பு வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், பாஸ்போர்ட், வருவாய்த் துறை நில ஆவணம், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், பதிவு செய்த கிரயப் பத்திரம். குடும்ப அட்டை அந்தப் பட்டியலில் இல்லை. எல்லா இடத்திலும் செல்லும் அட்டை என்று நம்பி அதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஏராளம்.

‘பதிவு செய்த’ என்ற வார்த்தைதான் வாடகைதாரருக்குக் கண்ணி. நம் ஊரில் பதினோரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடித்துவிடுவோம். அதைப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் உரிமையாளரை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனவே அந்த வழியை மறந்துவிடுங்கள். ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருந்தால், ‘முதலில் ஆதாரை மாற்றிக்கொண்டு வா’ என்பார்கள். அதற்கும் அவசியமில்லை. பட்டியலில் உள்ள ஏதாவது ஒன்று போதும். அஞ்சலகத்தில் ஒரு சேமிப்புக் கணக்கை இப்போதைய முகவரியில் தொடங்கிப் பாஸ்புக் வாங்குவது பலருக்கும் கைகொடுத்த வழி. எரிவாயு இணைப்பு மனைவி பெயரில் இருக்கிறதா? அதே முகவரியில் அவர் ஏற்கெனவே வாக்காளர் என்றால் அந்த ரசீது உங்களுக்கும் செல்லும். பெற்றோர், வயது வந்த பிள்ளைகள் பெயரில் இருந்தாலும் இதே கதைதான்.

ஒன்றுமே இல்லையென்றால்? படிவத்திலேயே பதில் இருக்கிறது: ஆவணம் எதுவும் இல்லாத நிலையில் நேரடிக் கள விசாரணை கட்டாயம். மனுவை வாங்க மறுக்கும் ஊழியரிடம் இந்த வரியைக் காட்டுங்கள். வாதம் செய்ய வேண்டாம், காட்டினால் போதும். ‘ஆதார் எண் இல்லாமல் மனுவே வாங்க மாட்டோம்’ என்றாலும் இதே முறைதான். ஆதார் இல்லை என்று குறிப்பிட அந்தப் படிவத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது.

வெளியூரில் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பெற்றோர் வீட்டு முகவரியா, விடுதி முகவரியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. விடுதி என்றால் கல்வி நிறுவனத் தலைவரின் சான்றும், அங்கீகரிக்கப்பட்ட, ஓராண்டுக்குக் குறையாத படிப்பும் வேண்டும்.

வயது விஷயத்தில் இன்னும் பழைய பாட்டையே பாடுகிறார்கள். 2022 ஆகஸ்ட் முதல் தகுதி நாள்கள் நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. பிப்ரவரியில் 18 நிறையும் பெண்ணை ‘அடுத்த ஜனவரியில் வாம்மா’ என்று அனுப்பினால் அது தவறு. அவளுக்கு ஏப்ரல் 1 போதும். 17 வயது முடிந்தாலே முன்கூட்டி மனு கொடுக்கலாம்.

படிவம் 6-இல் ஒரு பெரிய ஆபத்து

வீடு மாறியவர்கள் நிரப்ப வேண்டியது படிவம் 8. முகவரி மாற்றம், திருத்தம், அட்டை மாற்றம் எல்லாம் இதில்தான். ஆனால் கணினி மையத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு படிவம் 6-ஐ நிரப்பித் தள்ளிவிடுகிறார்கள். அதன் அடியில் ஓர் உறுதிமொழி இருக்கிறது: நான் முதன்முறையாக விண்ணப்பிக்கிறேன், வேறு எங்கும் என் பெயர் இல்லை என்று. பழைய ஊரில் பெயரை வைத்துக்கொண்டு அதில் கையெழுத்துப் போட்டால் பொய் உறுதிமொழி. 31-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது என்பது 17-ஆவது பிரிவு. மாட்டிக்கொள்வது கையெழுத்துப் போட்டவர்தான். தட்டச்சு செய்த தம்பி அங்கே இருக்கமாட்டார். கல்யாணமாகிப் புகுந்த வீடு போகும் பெண்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். பிறந்த வீட்டுப் பட்டியலில் பெயர் இருந்தால் அவர்களுக்குப் படிவம் 8 மட்டும்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு: தேர்தல் பட்டியல் வேலையில் கடமை தவறும் அலுவலருக்கு 32-ஆவது பிரிவு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேர்தல் ஆணையமோ மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியோ உத்தரவிட்டுப் புகார் போனால் ஒழிய நீதிமன்றம் அதைக் கையில் எடுக்காது. நம் மீதான பிரிவுக்கு அப்படி ஒரு கதவு கிடையாது.

இருக்கும் பெயர் காணாமல் போவது எப்படி?

சேர்ப்பதைவிட நீக்கத்தில்தான் அநியாயம் அதிகம். சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் 2025 டிசம்பர் 19 அன்று வெளியான தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அதில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். முகவரியில் இல்லாதவர், இடம்பெயர்ந்தவர் என்ற கணக்கில் போனவர்கள் 66 லட்சத்துக்கும் மேல். பலர் உண்மையிலேயே வீடு மாறியவர்கள்தான். எல்லோருமா?

கட்டட வேலைக்குப் போகும் பெண் காலை ஏழு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறார். அலுவலர் பதினொரு மணிக்கு வருகிறார். பக்கத்து வீட்டில் கேட்கிறார். ‘அவங்க இப்போ இங்க இல்லையே’ என்று அந்த அம்மா சொல்கிறார்; வேலைக்குப் போயிருக்கிறார் என்ற பொருளில். குறிப்பேட்டில் அது ‘இடம்பெயர்ந்தவர்’ ஆகிறது. அலுவலரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோ தம் சொந்த வேலையோடு இந்தச் சுமையையும் தூக்குகிறார். அந்தத் திருத்தத்தின்போது குறைந்தது மூன்று முறை போக வேண்டும் என்று உத்தரவு போட்டவர்கள், பகல் நேரத்தில் மூன்று முறை போனாலும் பூட்டுதான் தொங்கும் என்பதை யோசிக்கவில்லை.

20-ஆவது பிரிவின் இன்னொரு வரி இவர்களைக் காப்பாற்றத்தான் இருக்கிறது: தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் ஒருவர் அந்த இடத்தில் வசிப்பவர் என்ற நிலையை இழப்பதில்லை. ராமநாதபுரத்துக் கீதாரி ஆட்டுக் கிடையோடு தஞ்சை வயல்களுக்குப் போகிறார். திருவண்ணாமலைக் குடும்பம் செங்கல் சூளைக்குப் போய் மழைக்கு முன் திரும்புகிறது. இவர்கள் ஊர் மாறியவர்கள் இல்லை. சிறையில் இருப்பவரும் அப்படித்தான். வாக்களிக்க முடியாதே தவிர, அதைக் காரணம் காட்டிப் பெயரை எடுக்கக் கூடாது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கதை வேறு: அவர்களுக்குப் படிவம் 6-ஏ, பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரி. வாக்களிக்க அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்தாக வேண்டும்.

இங்கே வசிக்கவில்லை என்று சொல்லிப் பெயரை எடுப்பதற்கு முன், அவர் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்பது 22-ஆவது பிரிவு. பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் பெயர் உரிய நடைமுறைப்படிதான் சேர்ந்தது என்று கொள்ள வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1995-இல் லால் பாபு உசேன் வழக்கில் சொல்லிவிட்டது. எனவே பெயர் போயிருந்தால், ‘எனக்கு அறிவிப்பு எப்போது, எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது?’ என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே முடிந்துவிடும்.

உங்கள் பெயருக்கு எதிராக யாராவது படிவம் 7 (பெயரை நீக்கக் கோரும் மனு) கொடுத்திருந்தால், கொடுத்தவர் யார், சொன்ன காரணம் என்ன என்று பாருங்கள். அவர் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். பொய்க் காரணம் சொல்லியிருந்தால் அந்த 31-ஆவது பிரிவு அவர் மீதும் பாயும்.

மனு கொடுத்த பிறகு செய்ய வேண்டியவை

ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு நகராதீர்கள். இணையத்தில் கொடுத்தால் குறிப்பு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள். 1950 என்ற உதவித் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். ‘நிராகரிக்கப்பட்டது’ என்று ஒற்றை வரி வந்தால் காரணத்தோடு கூடிய உத்தரவு நகல் கேளுங்கள். முதல் மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம், உத்தரவிலிருந்து 15 நாளுக்குள். அங்கேயும் ஆகவில்லை என்றால் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம், 30 நாளுக்குள். ‘மறுபடி புதிதாக மனு போடுங்களேன்’ என்று அன்பாகச் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு திரும்பினால் அந்தப் பதினைந்து நாள் கழிந்துவிடும்.

வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படும். ஆட்சேபத்துக்கு ஏழு நாள் ஒதுக்க வேண்டியிருப்பதால், அதற்குப் பத்து நாள் முன்பே மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தேர்தல் தேதி அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள்தான் கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறார்கள்.

வாக்காளர் அட்டை பையில் இருப்பது ஒன்றையும் உறுதிசெய்யாது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்கு. அட்டை தொலைந்திருந்தாலும் பெயர் இருந்தால் ஆதார், ஓட்டுநர் உரிமம், நூறு நாள் வேலை அட்டை போன்ற மாற்று ஆவணம் போதும். வீட்டுக்கு வந்து தரும் வாக்காளர் தகவல் சீட்டை மட்டும் நீட்டினால் 2019 முதல் ஏற்பதில்லை.

வாக்குச்சாவடியில் இன்னொரு தாளும் இருக்கும்: வராதவர், இடம்பெயர்ந்தவர், இறந்தவர் பட்டியல். உங்கள் பெயர் அதில் குறிக்கப்பட்டிருந்தால், ‘உங்களுக்கு ஓட்டு இல்லை’ என்று முகவரோ ஊழியரோ சொல்லக்கூடும். திரும்பி வராதீர்கள். முதன்மைப் பட்டியலில் பெயர் நீக்கப்படாமல் இருந்தால், தலைமை அலுவலர் உங்கள் அடையாளத்தைச் சரிபார்த்து, கையெழுத்தோடு கைரேகையும் வாங்கிக்கொண்டு வாக்களிக்க விட வேண்டும். வேறு யாரோ உங்கள் பெயரில் ஏற்கெனவே வாக்குப் போட்டிருந்தால் 49-பி (49P) விதியைச் சொல்லி வாக்குச்சீட்டு கேளுங்கள். இயந்திரத்தில் பதிவாகாமல் உறையில் போகும் அந்தச் சீட்டைச் சாதாரணமாக எண்ணமாட்டார்கள். ஆனாலும் விட்டுவிடாதீர்கள், பின்னால் வழக்கு என்று வந்தால், நீங்கள் வந்தீர்கள் என்பதற்கு இருக்கும் சாட்சி அதுதான்.