டிராஜெடி: அவலமும் அதற்குள் இருக்கும் உவகையும்

தீபாவளி விடுமுறையில் அக்கா மகளோடு உட்கார்ந்து '96' படத்தை மறுபடி பார்த்தேன். 2018இல் வந்த படம். சிங்கப்பூரில் இருக்கிற நமக்கு அதோடு கொஞ்சம் கூடுதல் நெருக்கம் உண்டு, ராமின் பள்ளிக்காலக் காதலி ஜானு இங்கேயிருந்துதான் பள்ளி நண்பர்களைப் பார்க்கச் சென்னைக்குப் போகிறாள், இங்கேதான் திரும்பியும் வருகிறாள். படம் முடிந்ததும் உயர்நிலை மூன்றில் படிக்கும் அந்தப் பிள்ளை கேட்டாள்: "சித்தி, டிராஜெடிக்குத் தமிழ்ல என்ன? சோகப் படம்னு எழுதினா டீச்சர் ஒத்துக்குவாங்களா?"

ஒத்துக்கொள்வார்கள். சோகம் வடமொழியிலிருந்து வந்து நம்மிடம் ஊறிப்போன சொல், தப்பே இல்லை. ஆனால் டிராஜெடி என்ற சொல்லுக்குள் இருப்பதில் பாதிதான் அதில் வருகிறது. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சொல் வந்த வழி. கிரேக்கத்தில் டிராகோஸ் என்றால் ஆட்டுக்கடா, ஓடே என்றால் பாட்டு. இரண்டும் சேர்ந்து டிராகோடியா, ஆட்டுப் பாட்டு. ஆடு எப்படி உள்ளே வந்தது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம். போட்டியில் வென்றவருக்கு ஆடு பரிசு என்று ஒரு தரப்பு, பலிகொடுத்த ஆட்டைச் சுற்றி நின்று பாடிய பாட்டு என்று இன்னொரு தரப்பு. ஏதென்ஸில் டயோனிசஸ் என்ற கடவுளின் விழாவில் இந்த நாடகங்கள் நடந்தன. அங்கிருந்து லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று கைமாறி நம் வாய்க்கு வந்து சேர்ந்தது. நமக்கு இங்கே முக்கியம் அரிஸ்டாட்டில் சொன்னது: நல்ல டிராஜெடியில் வாழ்க்கை நல்ல நிலையிலிருந்து கெட்ட நிலைக்குத் திரும்ப வேண்டும். அப்படியென்றால் விழுவதற்கு முன்னால் உயரத்தில் ஒரு இடம் இருந்தாக வேண்டும், இல்லையா? தொடக்கத்திலிருந்து கடைசிவரை அழுகிற படம் வெறும் அழுகைப் படம்தான்.

தமிழில் 'துன்பியல்' என்று ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது, இன்பியலுக்கு எதிர்ச்சொல். பாடநூலுக்குச் சரி. என் காதுக்கு அது பொருளியல், இயற்பியல் மாதிரி ஏதோ ஒரு பாடத்தின் பெயராகக் கேட்கிறது. 'துன்பியல் நாடகம்' என்று சேர்த்துச் சொன்னால் பரவாயில்லை. எனக்குப் பிடித்தது 'அவலம்'. குறளிலேயே இருக்கிறது: 'நெஞ்சத்து அவலம் இலர்' (1072). கேட்டதும் நெஞ்சில் உட்காரும் சொல். அவலக் காதல், அவல முடிவு, அவலச்சுவை என்று எதோடும் ஒட்டிக்கொள்ளும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மசேநிதி (மத்திய சேமநிதி) என்று தினமும் கூசாமல் சொல்கிற ஊர் நம்முடையது, அவலம் நமக்கு ஒரு பாரமா?

சரி, மீதிப் பாதிக்கு வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள், அதாவது மனத்தின் உணர்ச்சி உடலில் வெளிப்படும் வகைகள், எட்டு என்று எண்ணும்போது அழுகையை இரண்டாவதாக வைத்து உவகையைக் கடைசியில் வைக்கிறார். உவகைக்கு என்ன காரணம் என்றும் சொல்கிறார்: 'செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று அல்லல் நீத்த உவகை நான்கே'. செல்வம், அறிவு, காதலர் கூடுதல், விளையாட்டு என்று நான்கு. அல்லல் நீத்த உவகை! துன்பம் கொஞ்ச நேரம் விலகி நிற்கிற மகிழ்ச்சி. அவலக் காதல் படத்தில் மிகச் சந்தோஷமான இடம் எது என்று தேடும்போது நான் இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். பார்த்தவரையில் புணர்வைவிட விளையாட்டுதான் ஆழமாகத் தங்குகிறது. இருவரும் கட்டிப்பிடிக்கிற காட்சி மறந்துபோகும், ஒன்றுமில்லாத ஒரு விளையாட்டு மறக்காது.

'மூன்றாம் பிறை' (1982) இதற்கு நல்ல சாட்சி. நினைவிழந்து குழந்தையாகிவிட்ட பெண், அவளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இளைஞன், சுப்பிரமணி என்று பெயர் வைத்த ஒரு நாய்க்குட்டி. அவளைச் சிரிக்கவைக்க அவன் குரங்காட்டம் ஆடுகிறான். அந்த நேரத்தில் அது வெறும் வேடிக்கை. பிறகு, அவளுக்கு நினைவு திரும்பி அவனை மறந்துபோய் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது, மழையில் அவன் செய்துகாட்டுவது அதே ஆட்டத்தைத்தான். அவளோ யாரோ ஒரு பிச்சைக்காரன் என்று நினைக்கிறாள். புதிதாக எதையும் கொண்டுவரவில்லை, உவகையாக இருந்ததையே எடுத்து அழுகையாகத் திருப்பிவிட்டார் பாலு மகேந்திரா. முன்னால் அந்த ஆட்டத்தைப் பார்த்து நாம் சிரித்திருக்காவிட்டால் அந்த ரயில் நிலையக் காட்சியில் நமக்கு அழுகையே வந்திருக்காது.

இப்படி உவகையும் அழுகையும் ஒரே கண்ணில் நிற்பதற்கும் தமிழில் பெயர் இருக்கிறது: உவகைக் கலுழ்ச்சி. கலுழ்தல் என்றால் அழுதல், கலங்குதல் என்றும் பொருள் உண்டு, 'கண்தாம் கலுழ்வ தெவன்கொலோ' என்று காமத்துப்பால் (1171) கேட்கிறதே, அதே கலுழ்தல்தான். உவகைக் கலுழ்ச்சி புறப்பொருளில், அதாவது போரையும் வீரத்தையும் பாடும் பாட்டுகளில், ஒரு துறை. புறநானூறு 278இல், மகன் போரில் புறமுதுகு காட்டினான் என்று ஊர் சொன்னதைக் கேட்டு, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள் ஒரு முதிய தாய். அவன் ஓடவில்லை, சண்டையிட்டே இறந்திருக்கிறான். சிதைந்து கிடக்கும் அவன் உடலைக் கண்டதும் 'ஈன்ற ஞான்றினும் பெரிது உவந்தனளே', பெற்ற நாளைவிடப் பெரிதாக மகிழ்ந்தாள். போர்க்களத்துக்கு உண்டான சொல்தான், ஆனால் காதலுக்குக் கொண்டுவர எனக்குத் தயக்கம் இல்லை.

ஏனென்றால் சிலம்பிலேயே அது காதலுக்குள் நடக்கிறது. 'மாசறு பொன்னே வலம்புரி முத்தே' என்று கோவலன் கொஞ்சும் இடத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், மதுரையில் அவர்களுக்கு இடம்கொடுத்த ஆயர்குலப் பெண் மாதரி வீட்டு மதியச் சாப்பாடு. கண்ணகி சமைத்து, வாழைக் குருத்தை விரித்து, 'அமுதம் உண்க அடிகள் ஈங்கு' என்கிறாள். அவன் சாப்பிட்டு முடித்து, 'எழுகென எழுந்தாய் என்செய் தனை', கிளம்பு என்றதும் கிளம்பி வந்துவிட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்று உருகுகிறான். அப்புறம் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போகிறான், திரும்பி வரவில்லை. எத்தனை தடவை படித்தாலும் அந்த இலையில்தான் எனக்குக் கண் கலங்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, '96'இல் உனக்கு எது அந்த இடம் என்று அக்கா மகளிடம் கேட்டேன். நான் எதிர்பார்த்தது, ராமின் மாணவிகளிடம் ஜானு, நடந்திருக்க வேண்டியதை நடந்தது மாதிரியே கதையாகச் சொல்லும் காட்சி. அவள் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினாள். மின்சாரம் போன வீடு, இருட்டு, பள்ளியில் அவன் எவ்வளவு கேட்டும் பாடாத 'யமுனை ஆற்றிலே'யை ஜானு தானாகப் பாட ஆரம்பிக்கிறாள், அவன் வெளிச்சம் தேடித் தடுமாறிக்கொண்டு ஓடிவருகிறான். "இங்கதான் சித்தி," என்றாள். பாட்டு முடிந்ததும் இன்னொரு தடவை பின்னால் ஓட்டினாள்.