வாரியத்தில் பணம் இருக்கிறது, விசாரிக்க ஆள் இருக்கிறாரா?

சாரம் சரிந்து இறந்த ஒரு கொத்தனாரின் மனைவி, மஞ்சள் பையில் கணவரின் கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "வாரியப் பணம் வந்துவிட்டது சார். மேஸ்திரியும் கான்ட்ராக்டரும் தர வேண்டிய நஷ்டஈடு மட்டும் ஏன் வரவில்லை?" என்று கேட்டார். காரணத்தைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. இழப்பீட்டு வழக்கை விசாரிக்க வேண்டிய அதிகாரியின் பணியிடம் காலி. பக்கத்து மாவட்ட அதிகாரிக்குக் 'கூடுதல் பொறுப்பு'. அவர் வரும் நாளில் எங்களுக்குக் கிடைப்பது வாய்தா மட்டுமே.

தொழிலாளர் வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருப்பது இதைத்தான்: வாரியப் பணமும் நஷ்டஈடும் வேறு வேறு பணம். வாரியம் தரும் உதவித்தொகை, கட்டடச் செலவில் 1 சதவீதமாக வசூலாகும் செஸ் (தனி வரி) நிதியிலிருந்து வருகிறது. அந்த நிதி பல மாநிலங்களில் செலவழிக்கப்படாமல் குவிந்து கிடப்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் கடுமையாகச் சாடியது. ஆனால் செஸ் எவ்வளவு குவிந்தாலும் காலியாகக் கிடக்கும் அதிகாரியின் நாற்காலி அதனால் நிரம்பாது. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டப்படி, வாரியம் தன் மொத்தச் செலவில் 5 சதவீதத்துக்கு மேல் நிர்வாகத்துக்குச் செலவிட முடியாது என்றிருந்தது. தளத்துக்குப் போகும் ஆய்வாளரும் வழக்கைக் கேட்கும் அதிகாரியும் தொழிலாளர் துறையின் ஆட்கள். அவர்களின் சம்பளம் மாநில பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும்.

பட்ஜெட் நாளில் 'உதவித்தொகை உயர்வு' என்ற அறிவிப்புக்கு மேசை தட்டுகிறார்கள். உயர்வு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் இழப்பீட்டைத் தாமதித்தால் 12 சதவீத வட்டி, தக்க காரணமில்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதம் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் எழுதி வைத்திருந்தும், அதை உத்தரவாக்கிக் கையெழுத்திட ஆளில்லை என்றால் யாருக்குப் பயன்?

2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்களின் இடத்தைப் பல தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய புதிய தொகுப்புச் சட்டங்கள் எடுத்துக்கொண்டன. சொந்தமாகக் குடியிருக்கக் கட்டும் வீட்டுக்கு இருந்த 10 லட்ச ரூபாய் செஸ் விலக்கு வரம்பு 50 லட்சமாகியிருக்கிறது. சிறு வீட்டு வேலைகளிலிருந்து வரும் செஸ் இனிக் குறையும். வாரியத்தை நம்பியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சட்டமன்றத்தில் துறைகளுக்கான நிதியை விவாதிக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது தொழிலாளர் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை வாங்கிப் படியுங்கள். உங்கள் மாவட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்தப் பதிலோடு உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் போய்ப் பாருங்கள்.

அந்த அம்மாவின் வழக்கில் நிரந்தர அதிகாரி பொறுப்பேற்ற நான்காவது மாதத்தில் உத்தரவு வந்தது. அதற்கு முன் மூன்று ஆண்டுகள் போயிருந்தன. மூத்த மகன் படிப்பை விட்டுவிட்டுச் சித்தாள் வேலைக்குப் போயிருந்தான்.