ஏரி நடுவில் மூச்சு வாங்கிய பேட்டரி

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். 14 அடி அலுமினியப் படகு ஒன்றைப் பழசாக வாங்கியிருக்கிறார், கூடவே 55 பவுண்டு உந்துவிசை கொண்ட ட்ரோலிங் மோட்டார். தூண்டில் போடும்போது சத்தமில்லாமல் மெல்ல நகர்வதற்கென்றே இருக்கும் சின்ன மின்சார மோட்டார் அது. வீட்டில் சும்மா கிடந்த கார் பேட்டரியை மாட்டிக்கொண்டு ரைஸ் லேக்குக்குப் போனவருக்கு முதல் சில வாரம் பிரச்சினையே இல்லை, அப்புறம் ஒரு நாள் ஏரி நடுவில் நின்றுவிட்டது. துடுப்புப் போட்டுக் கை ஓய்ந்து உட்கார்ந்து, அரை மணி கழித்துச் சும்மா சுவிட்சைத் திருகிப் பார்த்தால் மோட்டார் மறுபடி ஓடியதாம், ஐந்து நிமிடம். "செத்த பேட்டரிக்கு எங்கேயிருந்து அண்ணா உயிர் வந்தது? இனி எதை வாங்கட்டும்?" என்று கேட்கிறார். இரண்டாவது கேள்விக்கான பதில் முதல் கேள்விக்குள்ளேயே இருப்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

அடிப்படை பள்ளியில் படித்ததுதான். ஒரு தகடு ஈயம், எதிர்த்தகடு ஈய டை ஆக்சைடு, நடுவில் கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளும் ஈய சல்பேட்டாகும், அமிலம் நீர்த்துப்போகும், சார்ஜ் போட்டால் எல்லாம் திரும்பி நடக்கும். 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே செய்து காட்டிய அதே சங்கதி.

பாடப்புத்தகம் சொல்லாமல் விடுவது, அந்தத் தகடு நாம் படத்தில் பார்க்கும் வழவழப்பான பலகை அல்ல என்பதை. அது ஒரு பஞ்சு. உள்ளே லட்சக்கணக்கான நுண்துளைகள், ஒவ்வொரு துளைக்குள்ளும் துளி அமிலம். மோட்டாரை முடுக்கியதும் முதலில் செலவாவது துளைக்குள் இருக்கும் அந்தத் துளி அமிலம்தான். வெளியே, தகடுகளுக்கு நடுவே, அமிலம் நிறையத்தான் இருக்கிறது, ஆனால் அது வளைந்து நெளிந்த துளை வழியாக ஊர்ந்து உள்ளே வர நேரமாகும். சாம்பிராணிப் புகை ஹாலிலிருந்து கடைசி அறைக்குப் பரவுகிற மாதிரி, அவசரப்படுத்த முடியாது. 50 ஆம்பியர் வேகத்தில் உறிஞ்சினால் உள்ளே அமிலம் தீர்ந்து வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது, போதாததற்குப் புதிதாக உண்டான சல்பேட் துளையின் வாயையே அடைக்கிறது. வோல்ட்டேஜ் சரிகிறது, மோட்டார் நிற்கிறது. பேட்டரி காலி என்று நினைக்கிறோம். காலி இல்லை, வாசலில் கூட்டம் நிற்க உள்ளே பந்தி காலியாக இருக்கும் கதை. அரை மணி சும்மா விட்டால் அமிலம் மெல்ல உள்ளே நடந்து வந்து சேருகிறது, ஐந்து நிமிடம் ஓடுகிறது. நம் நண்பருடைய பேட்டரி சாகவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எனக்கு இந்த விஷயம் எத்தனை முறை யோசித்தாலும் அலுப்பதில்லை.

1897-இல் பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் இதற்கு ஒரு கணக்குக் கொடுத்தார். பேட்டரியில் 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) என்று போட்டிருந்தால் வழக்கமாக அது 20 மணி நேரக் கணக்கு, அதாவது 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம். அதே பேட்டரியிடம் 50 ஆம்பியர் கேட்டால் 2 மணி நேரம் வரவேண்டும் இல்லையா? சாதாரண ஈய பேட்டரிக்கு அவர் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் ஒன்றேகால் மணிதான் வருகிறது, 63 ஏ.எச். மாதிரி. மிச்சத்தை யாரும் திருடவில்லை, உள்ளேயேதான் இருக்கிறது, வெளியே வர நேரம் கேட்கிறது. 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் இழுப்பது சுமார் அந்த 50 ஆம்பியரைத்தான். இன்னொரு வேடிக்கை, அதே மாதிரி இரண்டு பேட்டரிகளைப் பக்க இணைப்பில் போட்டால் ஆளுக்கு 25 ஆம்பியர்தான் சுமை, ஒன்றேகால் மணி இரண்டரை ஆகாது, கிட்டத்தட்ட மூன்று மணியாகும்.

இதைவிடச் சுலபமான வழியும் உண்டு, மெதுவாகப் போவது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்குத் தேவையான திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடி. வேகத்தைப் பாதியாக்கினால் தேவை எட்டில் ஒன்றாகிவிடுகிறது.

சரி, கார் பேட்டரி ஏன் கூடாது? ஈயம் ஈய சல்பேட்டாகும்போது அதன் கன அளவு சுமார் 2.6 மடங்காகிறது, எதிர்த்தகட்டில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒவ்வொரு முறையும் தகடு ஊதிச் சுருங்குகிறது. கார் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும், சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்து எஞ்சினைக் கிளப்பிவிட்டுப் படுத்துக்கொள்ளும் வேலை அதற்கு. அதை அடிவரை காலி செய்து காலி செய்து நிரப்பினால் தகட்டின் மேலுள்ள ஈயப் பூச்சு உதிர்ந்து அடியில் சேறாகத் தங்கிவிடும், சில டஜன் முறைக்கு மேல் தாங்காது. ஆழமாகக் காலி செய்து நிரப்புவதற்கென்றே செய்த டீப் சைக்கிள் பேட்டரியில் தகடு தடிமன், பூச்சும் கெட்டி. நம்மூர் வீடுகளில் இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வளர்க்கிறோமே, அந்த டியூபுலர் பேட்டரியும் இந்தச் சாதிதான், உதிராமலிருக்க ஈயக் கம்பியைச் சுற்றித் துணிக்குழாய் போட்டு அதற்குள் பூச்சை அடைத்திருப்பார்கள்.

கடையில் சி.சி.ஏ. என்ற எண்ணைப் பெரிதாகக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள், அது குளிரில் எஞ்சினைக் கிளப்பும் திறன், உங்களுக்கு வேண்டாதது. ஏ.எச். பாருங்கள், அதைவிட ஆர்.சி. என்ற நிமிடக் கணக்கைப் பாருங்கள், அது 25 ஆம்பியர் சுமையில் எத்தனை நிமிடம் தாங்கும் என்பது, மோட்டார்க்காரர்களுக்கு ஏ.எச்.-ஐவிட நேர்மையான எண். மெல்ல நகர்ந்துகொண்டு மீன் பிடித்தால் 12 ஆம்பியர் என்று வையுங்கள், ஐந்து மணிக்கு 60 ஏ.எச். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருந்தால் நாள்படும், ஆக 120 ஏ.எச். வேண்டும். 12 வோல்ட் மோட்டார்தான், வேறு சிக்கல் இல்லை, பேட்டரி பக்கத்திலேயே 60 ஆம்பியர் பிரேக்கர் ஒன்று போட்டுவிடுங்கள்.

லித்தியம் வாங்கலாமா என்றால், பணம் இருந்தால் வாங்கலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை 100 ஏ.எச். சுமார் 12 கிலோ, ஈயமென்றால் 28 கிலோவுக்குக் குறையாது. அதில் அமிலம் செலவாகிற கதையே இல்லாததால் பாய்க்கர்ட் தொல்லையும் அநேகமாக இல்லை, பெரும்பகுதியை எடுத்துவிடலாம். இரண்டு எச்சரிக்கை. ஈயம் முனகி முனகி நிற்கும், லித்தியம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும், துடுப்பை மறக்காதீர்கள். அப்புறம், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது, உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கெட்டுவிடும். சார்ஜரும் அதற்குரியதாக இருக்கட்டும்.

இந்த இரும்பு பாஸ்பேட்டை 1997-இல் வெளியிட்டவர்களில் ஒருவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் குட்இனஃப், அதற்குப் பத்தாண்டு முன்பே அவரோடு சேர்ந்து இரும்பு சல்பேட் மாதிரியான சேர்மங்களை நோண்டி வழிபோட்டவர் நம்ம தென் தமிழ்நாட்டு அமராபுரத்தில் பிறந்து சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கிய ஆறுமுகம் மந்திரம். 2019-இல் குட்இனஃபுக்கு நோபல் கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் உரையாற்றியவரும் இவர்தான். எண்பதுகளில் அந்தச் சல்பேட்டை யார் வாங்குவார் என்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. மூன்று வருடத்தில் என்ன பொருள் கொண்டுவருவாய் என்று கேட்டு நிதி ஒதுக்குகிற இன்றைய மேஜையில் அந்த விண்ணப்பம் முதல் சுற்றிலேயே தூக்கி வீசப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்த மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது, அங்கேயாவது இப்படி நோண்டிப் பார்க்கச் சும்மா விடவேண்டும்.

கடைசியாக, பேட்டரியைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று வாசகரின் மாமா சொல்கிறாராம். மரப்பெட்டியில் பேட்டரி வந்த காலத்துப் பேச்சு அது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டி வழியாக ஒன்றும் கசியாது, குளிர்ந்த தரையில் தானாக இறங்குவது இன்னும் குறைவாகத்தான் இருக்கும். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதைப் போல பலகை போடுவதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒண்டாரியோ குளிரில் காலியாக வைத்த ஈய பேட்டரி மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து பெட்டி வெடித்துவிடும், முழு சார்ஜில் இருந்தால் மைனஸ் 50-இலும் உறையாது. அதனால் படகைக் கட்டிவைக்கும் அன்றே முழுசாகச் சார்ஜ் போட்டு வயரைக் கழற்றிவிடுங்கள், பலகை மாமா இஷ்டம்.