சுமை நிற்காத பேலட் ஜாக்: சீலை மாற்றும் முன் இறக்கு வால்வைப் பாருங்கள்

கையால் இயக்கும் பேலட் ஜாக்குகள், அதாவது தட்டில் அடுக்கிய சரக்கைத் தூக்கி நகர்த்தும் கைவண்டிகள், பழுதுக்கு வரும்போது நான் அதிகம் கேட்கும் புகார், ‘தூக்குகிறது, ஆனால் சுமை நிற்பதில்லை’ என்பதுதான். சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்ற முடிவையும் பெரும்பாலும் கொண்டு வருபவரே சொல்லிவிடுவார். ஒரு கிடங்கிலிருந்து வந்த ஜாக்கில் இருமுறை சீல் மாற்றப்பட்டிருந்தும் ஃபோர்க் (சுமையைத் தாங்கும் இரு நீண்ட கரங்கள்) இறங்கிக்கொண்டே இருந்தது. கைப்பிடிக்குள் ஓடும் செயின் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்ததால், எண்ணெயைத் திறந்துவிட்டுச் சுமையை இறக்கும் இறக்கு வால்வு ஒருபோதும் முழுமையாக மூடவில்லை. செயினைத் தளர்த்தி அந்த அளவு மாறாமல் பிடித்து வைக்கும் லாக் நட்டை இறுக்கியதோடு வேலை முடிந்தது.

கைப்பிடியில் உள்ள சிறு லீவரை இறக்கும் நிலைக்கு இழுத்தால், செயின் பம்பின் அடியிலுள்ள நெம்புகோலை அசைக்கிறது. அது ஒரு சிறு கம்பியை (பின்) அழுத்த, ஸ்பிரிங்கால் தன் இருக்கையில் (வால்வு பொருந்தி மூடும் விளிம்பு) அமர்ந்திருக்கும் இறக்கு வால்வு விலகி, சிலிண்டரில் அழுத்தத்துடன் இருக்கும் எண்ணெய் தொட்டிக்குத் திரும்புகிறது. 2,000 முதல் 2,500 கிலோ வரை தாங்கும் வண்டியில் அந்தச் சுமையை நிறுத்தி வைத்திருப்பது இந்தச் சிறிய இருக்கைதான். அதில் ஓர் உலோகத் துகள் சிக்கினாலும் சுமை மெதுவாக இறங்கத் தொடங்கும்.

ஆகவே எதையும் பிரிப்பதற்கு முன், செயினை நெம்புகோலிலிருந்து கழற்றிவிட்டு ஃபோர்க்கைத் தூக்கிப் பாருங்கள். இப்போது நின்றால் குறை செயினின் இறுக்கத்தைச் சரிக்கட்டியதில் இருக்கிறது. அப்போதும் இறங்கினால் வால்வின் இருக்கை, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), ஸ்பிரிங் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பிஸ்டன் தண்டின் மேல் எண்ணெய் கசிந்திருந்தால் அது சீலின் குறை. சுமை ஏற்றியதும் கைப்பிடி தானாக மேலெழுந்தால் எண்ணெயை ஒரு திசையில் மட்டும் விடும், பம்பின் ஒருவழி வால்வைச் சந்தேகிக்கலாம். செயினைச் சரிக்கட்டும் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், கையேட்டைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்புவதே நல்லது.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. செயின் மிகத் தளர்ந்திருந்தால் லீவரை இழுத்தாலும் ஃபோர்க் இறங்காது. அப்போது சிலர் பொறுமையிழந்து ஸ்குரூடிரைவரால் நெம்புகோலைக் குத்துவதைப் பார்த்திருக்கிறேன். வால்வு திடீரென முழுதாகத் திறந்தால் சுமை அப்படியே விழும். அந்த நேரத்தில் கை இருப்பது ஃபோர்க்குக்கு வெகு அருகில். சிக்கிய சுமையை வேறொரு தூக்கியால் தாங்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

எண்ணெய் குறைந்தால் கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றும் பழக்கம் எனக்கு எரிச்சலூட்டுவது. கிளைகால் வகை பிரேக் திரவம் பட்டால் நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குகள் உப்பிக் கெட்டுவிடும். பல வண்டிகளுக்கு ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 32 (எண்ணெயின் பாகுத்தன்மையைக் குறிக்கும் எண்) ஹைட்ராலிக் எண்ணெய் பொருந்தும். ஃபோர்க்கை முழுவதும் இறக்கிய நிலையில் நிரப்பி, லீவரை இறக்கும் நிலையில் பிடித்தபடி பத்துப் பதினைந்து முறை பம்ப் செய்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்.

பழுது நீங்கியதை உறுதிப்படுத்த, அனுமதிக்கப்பட்ட எடையை ஏற்றி, லீவரை நடு நிலையில் விட்டு, ஃபோர்க்கின் உயரத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் அளக்கிறேன். கோடு கீழே நகர்ந்திருந்தால் வண்டி என் மேசைக்கே திரும்புகிறது.