ஜீப்புக்கு வீட்டிலேயே ஹிட்ச் செய்கிறீர்களா? தகட்டை விடுங்கள், போல்ட்டைப் பாருங்கள்

கோயம்புத்தூரில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு தம்பி பழைய ஜீப்போடு வந்தார். பின் பம்பரும், டிரெய்லரை மாட்டி இழுக்கும் கொக்கி அமைப்பான ஹிட்ச்சும் அவரே செய்தது. 8 மி.மீ. தகடு, 2 இஞ்ச் சதுரக் குழாய், அழகான கறுப்பு பெயின்ட். "யானை கட்டி இழுத்தாலும் வராதுங்ணா" என்றார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அத்தனை இரும்பும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் நுனியில், பக்கத்துக்கு இரண்டு போல்ட்டில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு போல்ட்டுக்கும் நடுவே 5 செ.மீ.தான் இடைவெளி. ஒரு ஓட்டை ஏற்கெனவே நீண்டு முட்டை வடிவமாகியிருந்தது.

ஹிட்ச் என்பது நெம்புகிற கடப்பாரை மாதிரி. டிரெய்லரின் மூக்கு 75 கிலோ அழுத்துகிறது என்று வையுங்கள். பள்ளத்தில் விழுந்து எழும்போது அதை மூன்று மடங்காக, 225 கிலோவாக எடுத்துக்கொள்வது என் வழக்கம். டிரெய்லர் வந்து உட்காரும் இரும்புப் பந்து கடைசி போல்ட்டிலிருந்து 30 செ.மீ. பின்னால் இருந்து, போல்ட்டுகளுக்கு இடையே 5 செ.மீ. மட்டும் இருந்தால், பக்கத்துக்கு ஒன்றாக முன்னால் உள்ள போல்ட்டுகள் இரண்டும் சேர்ந்து 1,350 கிலோவைத் தாங்க வேண்டும். ஹிட்ச்சை சேஸிஸோடு பிடிக்கும் பிராக்கெட்டை நீளமாக்கி, போல்ட்டுகளுக்கு இடையே 30 செ.மீ. விட்டுப் போட்டால் அது 225 கிலோவாகக் குறைந்துவிடும். தகட்டின் தடிமனைக் கூட்டுவதால் இது கிடைக்காது. சொல்லப்போனால் தடித்த தகட்டின் எடையையும் அந்தப் பாவப்பட்ட போல்ட்டுகளே சுமக்கின்றன.

அதனால் பம்பரையும் ஹிட்ச்சையும் மனதில் முதலில் பிரித்துவிடுங்கள். ஹிட்ச்சின் சுமை நேராக சேஸிஸுக்குப் போக வேண்டும். பம்பர் அதன்மேல் உட்கார்ந்தால் போதும். 8.8 என்ற வலிமைக் குறி தலையில் பொறித்த எம்12 (12 மி.மீ.) போல்ட் போடுங்கள். சாதாரண ஹார்டுவேர் கடை போல்ட் வேண்டாம். ஓட்டையை சேஸிஸின் பக்கவாட்டுச் சுவரில் போடுங்கள். மேல், கீழ் விளிம்புகள்தான் வளைவைத் தாங்கும் பகுதி. அங்கே டிரில் படக் கூடாது. பெட்டி போல மூடிய சேஸிஸ் என்றால் உள்ளே குழாய்த் துண்டு ஒன்றை வைத்து, அதன் வழியாக போல்ட்டை விடுங்கள். இல்லாவிட்டால் முடுக்க முடுக்கச் சுவர் உள்ளே அமுங்கும், பிடிப்பு நிற்காது.

சேஸிஸில் நேரடியாக வெல்டிங் வைக்க வேண்டாம் என்று கெஞ்சியே கேட்கிறேன். வெல்டின் ஓரத்தில் சூடுபட்ட இரும்பின் குணம் மாறிவிடும். தினசரி குலுக்கலில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பிராக்கெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தே வெல்டு செய்யுங்கள். அப்புறம், பின்பக்கம் டீசல் டாங்க் இருக்கிறது என்பதை மறந்து வண்டியிலேயே வெல்டிங் ராடைப் பற்றவைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே தூக்கம் கெடுவது வேறொன்றால். சேற்றில் மாட்டிய வண்டியை அந்தப் பந்தில் கயிறு மாட்டி இழுக்கிறார்கள். பந்து டிரெய்லர் இழுக்க மட்டுமே. இழுபடும் கயிறு, முக்கியமாக நீண்டு சுருங்கும் வகை, சக்தியைச் சேர்த்து வைத்திருக்கும். பந்தின் கழுத்து முறிந்தால் அது குண்டு போல அடுத்த வண்டியின் கண்ணாடிக்குள் பாயும். வெளிநாடுகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. மீட்புக்கென்று சேஸிஸில் தனிப் பிடிப்பு வைத்து, தாங்கும் எடை பொறித்த ஷாக்கிள் (பின் போட்டு மூடும் U வடிவ இரும்பு வளையம்) மாட்டுங்கள். ஆட்கள் கயிறு போகும் பாதையை விட்டு நன்றாக விலகி நிற்கட்டும்.

முன் பம்பர்மேல் மாட்டும் இரும்புக் கம்பிச் சட்டமான புல் பார் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். மோதும்போது நசுங்கி வேகத்தை உறிஞ்ச வேண்டிய பகுதியை அது விறைப்பாக்குகிறது, ஏர்பேக் விரியும் நேரத்தைக் குழப்பலாம், குறுக்கே வரும் மனிதருக்கு அடி பலமாகும். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் இதன்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடுவதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விழலாம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பின் ஹிட்ச்சும் மாற்றம்தான். இரும்பு வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும்.

அந்தத் தம்பியின் பம்பரை வைத்துக்கொண்டு பிராக்கெட்டை மட்டும் புதிதாகச் செய்தோம். முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் சுமார் 80 நியூட்டன் மீட்டர் முடுக்கி, நட்டிலும் தகட்டிலும் சேர்த்து மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்தேன். கோடு விலகினால் நட்டு இளகியிருக்கிறது. வெல்டு ஓரத்தில் பெயின்டைக் கீறிக்கொண்டு முடி போல ஒரு துருக்கோடு தெரிந்தால் உள்ளே விரிசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படித் தெரிந்தால் டிரெய்லரை அங்கேயே கழற்றி விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.