உண்ணிச்செடி

நர்சரித் தொட்டியில் 'லண்டானா' என்று விலைபோவதும், தோட்டத்து வேலியில் 'உண்ணிமுள்' என்று திட்டு வாங்குவதும் ஒரே செடிதான். தாவரவியல் பெயர் லண்டானா கமாரா.

அடையாளம் காண்பது எளிது. தண்டு உருண்டையாக இல்லாமல் நாலு பட்டையாக இருக்கும். அதில் வளைந்த சிறு முட்கள். இலைகள் எதிரெதிரே, சொரசொரப்பாக. ஒன்றைக் கசக்கி முகர்ந்தால் வரும் காட்டமான நெடியை ஒருமுறை அறிந்தவர் மறக்க மாட்டார். பூங்கொத்தின் நடுவில் புதுப்பூக்கள் மஞ்சளாகவும், ஓரத்தில் மூத்தவை ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ ரோஜா நிறமாகவோ இருக்கும். பச்சைக் காய்கள் பழுத்தால் கருநீலமாக மினுங்கும்.

'லண்டானா' இதன் சொந்தப் பெயரே அல்ல. ஐரோப்பாவில் வைபர்னம் என்னும் வேறொரு புதருக்கு வழங்கிய பழைய லத்தீன் பெயர் அது. பூங்கொத்தின் சாயலால் வெப்பமண்டல அமெரிக்கச் செடியின் மேல் ஒட்டிக்கொண்டது. 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் செடிகளை வகைப்படுத்திய தம் நூலிலும் அதையே வைத்தார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இதை அழகுச்செடியாகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். முள் இருக்கிறது, மாடு வாய் வைக்காது, சரி, உயிர்வேலிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் பழம் தின்ற பறவைகள் வேலியோடு நிற்கவில்லை. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புல் வளர வேண்டிய இடமெல்லாம் இன்று இதுதான்.

இனி தமிழ்ப் பெயர். உண் என்னும் வினையோடு இகரம் சேர்ந்தால் உண்ணி, அதாவது உண்பது. ஊனுண்ணி, பூச்சியுண்ணி எல்லாம் இப்படி வந்தவையே. மாட்டிலும் நாயிலும் ஒட்டி ரத்தம் குடிக்கும் பூச்சிக்கும் அதனால்தான் அந்தப் பெயர். செடிக்கு அது எப்படி வந்தது? திரண்ட காய்க்கொத்தைப் பார்த்தால் நாயின் காதில் மொய்த்த உண்ணிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. இலங்கையில் இதை நாயுண்ணி என்றே சொல்வதும் அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்க்கிறது. உண்ணும் பழம் என்பதால் வந்த பெயர் என்று பிரிப்பது இலக்கணத்துக்கு ஒட்டவில்லை. உண்ணி உண்பதைக் குறிக்கும், உண்ணப்படுவதை அல்ல. 'உன்னிச்செடி' என்று எழுதுவது பிழை.

உண்ணப்படுவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பழுத்ததைப் பிள்ளைகள் பறித்துத் தின்பது கிராமங்களில் வழக்கம். பச்சைக் காய் நஞ்சு, அதைத் தொடவிடக் கூடாது. வேறு தீவனம் இல்லாத மாடு இலையை மேய்ந்துவிட்டால், லண்டாடீன் என்னும் பொருள் கல்லீரலைக் கெடுத்து மஞ்சள் காமாலை வரும். வெயில் பட்ட தோல் புண்ணாகும்.

லண்டானாவுக்குத் தமிழில் புதுச் சொல் எதுவும் ஆக்கத் தேவையில்லை. அறிவியல் கட்டுரையில் லண்டானா கமாரா, மற்ற இடங்களில் உண்ணிச்செடி என்று எழுதலாம். வெறும் 'உண்ணி' என்று மட்டும் எழுதினால் கால்நடை மருத்துவர் வேறு மருந்து எழுதிக் கொடுத்துவிடுவார்.