இலவசத் தண்ணீர், இலவச கரண்ட்: ம்சிங்காவில் யாரிடம் கேட்பது?

தென்னாப்பிரிக்காவில் ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் தண்ணீரும் 50 யூனிட் மின்சாரமும் இலவசம். அதை யாரிடம் போய்க் கேட்பது என்பதில்தான் சிக்கல், அதுவும் குவாசுலு-நட்டால் மாகாணத்து ம்சிங்கா மாதிரி இடத்தில். பெயருக்குத்தான் அது நகராட்சி. துகேலா ஃபெர்ரி, பொமராய் என்று ஒன்றிரண்டு சின்ன ஊர்களை விட்டால் மற்றதெல்லாம் மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் கிராமங்கள்.

அங்கே உள்ளாட்சி இரண்டு அடுக்கு. கீழே ம்சிங்கா உள்ளூர் நகராட்சி, மேலே டண்டீயில் இருக்கும் உம்சின்யாதி மாவட்ட நகராட்சி. தண்ணீர் மாவட்டத்தின் பொறுப்பு, அதனால் குழாய் வறண்டால் உள்ளூர் அலுவலகத்தில் சண்டை போட்டுப் பெரிய பயன் இல்லை. மின்சாரம் தருவது எஸ்காம் என்ற அரசு மின் நிறுவனம், ஆனால் இலவச யூனிட் யாருக்கு என்று பட்டியல் அனுப்புவது உள்ளூர் நகராட்சி. முதியோர் உதவித்தொகைக்கு இந்த இரண்டு இடத்துக்குமே போக வேண்டாம், அதைத் தருவது சாசா என்ற தேசிய அரசின் உதவித்தொகை அமைப்பு.

அந்த 6,000 எப்படி வந்தது? ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர், வீட்டுக்கு எட்டுப் பேர், முப்பது நாள். பன்னிரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கும் இதே கணக்குதான், இது எனக்கு நியாயமாகப் படவில்லை. வீட்டிலிருந்து 200 மீட்டருக்குள் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச அளவுகோல். இந்த இலவசத் தண்ணீர்த் திட்டம் 2001 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் இதே மாகாணத்தில் காலரா வெடித்தது, காசு கட்ட முடியாமல் குழாயை விட்டு ஆற்றுத் தண்ணீருக்குப் போனவர்களும் அதில் மாட்டினார்கள்.

50 யூனிட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: விளக்கு, ரேடியோ, கொஞ்சம் இஸ்திரி, கெட்டிலில் வெந்நீர், ஒரு சின்ன கறுப்பு வெள்ளை டிவி. ஆமாம், 2003 கொள்கையில் கறுப்பு வெள்ளை என்றே போட்டிருக்கிறார்கள்! ப்ரீபெய்டு மீட்டர் வீடுகளில் இது தானாக ஏறாது, மாதாமாதம் 20 இலக்க டோக்கன் எண்ணைக் கேட்டு வாங்கி மீட்டரில் தட்ட வேண்டும். அந்த மாதம் வாங்காவிட்டால் போனது போனதுதான், அடுத்த மாதத்தோடு சேராது.

பட்டியலில் சேர அடையாள அட்டை, வருமான விவரம், பிரமாணப் பத்திரம், இருப்பிடச் சான்று எல்லாம் கேட்பார்கள். வருமான வரம்பை ஒவ்வொரு நகராட்சியும் தானே வைத்துக்கொள்ளும், பல இடங்களில் இரண்டு முதியோர் உதவித்தொகை அளவு. இருப்பிடச் சான்றுதான் கிராமத்துக்காரர்களைத் திணறடிப்பது. நிலத்தில் பெரும்பகுதி ஜூலு மன்னர் பொறுப்பில் உள்ள இங்கொன்யாமா அறக்கட்டளையின் பெயரில் இருப்பதால் பலரிடம் பட்டா கிடையாது. இந்துனாவிடம், அதாவது ஊர்த் தலைவரிடம், அல்லது பாரம்பரிய சபையிடம் கடிதம் வாங்குவதுதான் வழி. இவர்களுக்கு மேலே இருக்கும் பாரம்பரியத் தலைவர்கள் நகராட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசலாம், ஓட்டுப் போட முடியாது, ஆனாலும் ஊருக்குள் அவர்கள் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

இந்தச் செலவுக்காக மத்தியக் கருவூலம் ஏழைக் குடும்பங்களைக் கணக்கிட்டு உள்ளாட்சிகளுக்கு வருடாவருடம் பங்கு அனுப்புகிறது. ஆனால் இதற்குத்தான் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை அதில் கிடையாது. பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்றால் பணம் வேறு எதற்காவது போய்விடும். பல இடங்களில் பதிவை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும், அதனால் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது என் பெயர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.